பாடமாகாத பாணி: ஸ்வீடன் பாலேயின் ஐந்து ஆண்டுகள்

ஒரு பாலே பாணி வேர்பிடித்துவிட்டதா என்பதை அதன் காலை வகுப்பில்தான் தெரிந்துகொள்ள முடியும். கோபன்ஹேகனில் ஆகஸ்ட் புர்னோன்வில் 1879-இல் இறந்தார். அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அவர் வழிவந்தவர்கள் திங்கள் வகுப்பு, செவ்வாய் வகுப்பு என்று ஆறு நாளுக்கும் பிரித்துக் கட்டிவைத்தார்கள். பல தலைமுறை டேனிஷ் நடனக்காரர்களின் கால்கள் அந்தக் கிழமை வரிசையில்தான் பழகின. இத்தாலியரான என்ரிக்கோ செக்கெட்டியும் பயிற்சிகளைக் கிழமைவாரியாகவே வகுத்தார். புதன்கிழமை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு மாணவிக்குத் தெரிந்திருக்கிறதென்றால், ஆசிரியர் மறைந்த பிறகும் அந்தப் பாணிக்கு உயிர் இருக்கிறது.

பாலேயின் பள்ளிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வகுப்பறை இருக்கிறது. பாரிஸில் பதினான்காம் லூயி 1661-இல் நடனத்துக்கென்று ஒரு கழகமே அமைத்தார். பாதங்களுக்கான ஐந்து நிலைகள் அந்தக் காலத்தில்தான் வரையறுக்கப்பட்டன. பாலே எங்கே கற்றாலும் இன்றும் முதல் பாடம் அவைதான். மிலானில் கார்லோ ப்ளாஸிஸ் 1820-இல் இலக்கணநூல் எழுதினார். இத்தாலியப் பள்ளி சுழற்சிக்கும் கால்வலுவுக்கும் பேர்போனது. டேனிஷ் பள்ளிக்காரர் துள்ளலை மதிப்பவர்; கைகளைத் தாழ்த்தி, முகத்தில் சிரமம் தெரியாமல், காற்றில் எழும்ப வேண்டும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரெஞ்சுக்காரரான பெத்திப்பாவையும் இத்தாலியரான செக்கெட்டியையும் வரவழைத்துக்கொண்டு, இரண்டையும் ரஷ்ய முதுகிலும் தோளிலும் ஏற்றி விரித்தது. அந்த வழியில் வந்த வாகனோவா 1934-இல் தன் முறையை நூலாக்கினார். ஒருவர் அழகு என்பதை இன்னொருவர் மிகை என்பார். ஆனால் எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு: உடம்பு என்ன செய்கிறது?

அந்த அளவுகோலையே ஒரு குழு கேள்விக்குள்ளாக்கியது. அதன் ஆயுள் 1920 அக்டோபரிலிருந்து 1925 மார்ச் வரை, ஐந்து ஆண்டுகூட நிறையவில்லை. பெயர் பாலே சுவேதுவா, அதாவது ஸ்வீடன் பாலே. ஆடியது பெரும்பாலும் பாரிஸில்.

ஸ்வீடனுக்குப் பாலே புதிதல்ல. மூன்றாம் குஸ்தாவ் மன்னர் 1773-இல் ஸ்டாக்ஹோமில் அரச பாலேயைத் தொடங்கினார். புர்னோன்வில்லே 1861 முதல் 1864 வரை அங்கே இருந்து நடத்திக்காட்டினார். பிறகு தேக்கம். 1913-இல் மிஷெல் ஃபோக்கின் ஸ்டாக்ஹோம் வந்து தன் படைப்புகளை மேடையேற்றினார். நாடகத்துக்கு ஏற்ப நடனமொழி மாற வேண்டும், ஒவ்வொரு படைப்புக்கும் அதற்கே உரிய அசைவு வேண்டும் என்று போராடியவர் அவர். அரச பாலேயின் இளைஞர்களில் அவர் கண்ணில் பட்டவன் ஹார்னோசாண்டில் 1893-இல் பிறந்த ழான் பொர்லின். பின்னர் கோபன்ஹேகனில் ஃபோக்கினிடமே போய் நேரடியாகக் கற்றுக்கொண்டான்.

பொர்லினுக்குப் பின்னால் நின்றவர் ரோல்ஃப் த மாரே. பெருஞ்செல்வக் குடும்பம், ஸ்டாக்ஹோமில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் ஹால்வில் மாளிகையை எழுப்பி, அதில் கலைப்பொருள்களைச் சேர்த்துவைத்த வில்ஹெல்மினா அவருடைய பாட்டி. சேகரிக்கும் குணம் பேரனுக்கும் வந்தது. ஓவியர் நில்ஸ் தார்தெல் துணையோடு நவீன ஓவியங்களை வாங்கிக் குவித்தார். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டால் குழுவின் வெற்றியும் தோல்வியும் பாதி விளங்கிவிடும். அதே பாரிஸில் ரஷ்ய பாலேயை நடத்திய தியாகிலெவ் கடன் வாங்கிக் குழு நடத்தியவர். அவர் கையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பள்ளியின் கால்கள் இருந்தன, வகுப்பெடுக்கச் செக்கெட்டி இருந்தார். மாரே கையில் பணம் இருந்தது, ஓவியங்கள் இருந்தன, ஒரே ஒரு பொர்லின் இருந்தான்.

1920 மார்ச்சில் பொர்லின் பாரிஸில் தனி நிகழ்ச்சி ஒன்று கொடுத்தான். ஆப்பிரிக்க மரச்சிற்பம் உயிர்பெற்று அசைவதுபோல் ஆடிய உருப்படி அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது. மாரே ஷான்ஸெலிஸே நாடக அரங்கையே குத்தகைக்கு எடுத்தார். ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ 1913-இல் கலவரம் கிளப்பிய அதே அரங்கு. ஸ்டாக்ஹோம் அரச பாலேயிலிருந்து ஜென்னி ஹாசெல்குவிஸ்ட், காரினா ஆரி முதலியோர் வந்து சேர்ந்தார்கள். அக்டோபர் 25-ஆம் தேதி முதல் இரவு. ஆல்பெனிஸ் இசைக்கு ‘இபேரியா’, ஆல்வேன் இசைக்கு ஸ்வீடன் கிராமத்து நடுக்கோடை விழா, தெபுஸ்ஸியின் ‘விளையாட்டுகள்’. மூன்றாவதை ஏழாண்டுக்கு முன் இதே மேடையில் தியாகிலெவ் குழுவின் நிஜின்ஸ்கி ஆடியிருந்தார். அதே இசையை எடுத்து, பொன்னார் வரைந்த காட்சிக்கு முன்னால் வேறொரு நடனம் அமைக்க ஒரு இளைஞனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சலைப் பாரிஸ் கவனித்தது, முழுதாக மன்னிக்கவில்லை.

இந்தக் குழுவை நான் மதிப்பதற்குக் காரணம் அடுத்து வந்தவை. 1921 ஜூனில் ‘மனிதனும் அவன் வேட்கையும்’. கவிஞர் போல் க்ளோடெல் பிரேசிலில் பிரெஞ்சுத் தூதராக இருந்தபோது இசையமைப்பாளர் தாரியூஸ் மீயோ அவருக்குச் செயலாளர். அங்கே காட்டின் இரவொலிகளைக் கேட்டபடி இருவரும் கற்பனை செய்த படைப்பு இது. மேடை நான்கு தட்டுகளாக அடுக்கப்பட்டது. மேல்தட்டில் இரவின் நாழிகைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து போக, நடுவில் ஆடையற்றவன்போல் தோன்றும் மனிதனாகப் பொர்லின். பன்னிரண்டே நாளில் ழான் கொக்தோவின் ‘ஈஃபெல் கோபுரத்து மணமக்கள்’. மேடையின் இருபுறமும் கிராமபோன் வேடத்தில் இருவர் நின்று கதையைப் பேசினார்கள். நடனக்காரர்கள் பேசவே இல்லை. இசை ஐந்து இளைஞர்கள் கூட்டாகச் செய்தது. பாலேக்குள் பேச்சை இப்படிப் பிரித்து வைக்கலாம் என்று அதற்கு முன் யாருக்குத் தோன்றியது?

1922 ஜனவரியில் ‘சறுக்கு அரங்கம்’. சக்கரக் காலணி கட்டிச் சுற்றும் கூட்டத்தில் தொப்பி போட்ட தொழிலாளிகளும் சீமாட்டிகளும் கலந்து சுழல்கிறார்கள். இசை ஆர்தர் ஒனெகர். காட்சியும் உடையும் ஃபெர்னான் லெஜே. லெஜே நடனக்காரரைத் தனி மனிதராகப் பார்க்கவில்லை. பின்திரையின் வண்ணத் துண்டுகள் இறங்கி நடந்தால் எப்படியோ, அப்படி உடைகளை வரைந்தார். 1923 அக்டோபர் 25-இல் அவரே ‘உலகப் படைப்பு’க்குக் காட்சி அமைத்தபோது இந்த எண்ணம் அதன் எல்லைக்கே போனது. கதை கவிஞர் ப்ளேஸ் சாந்த்ரார் சொன்ன ஆப்பிரிக்கத் தொன்மம். பின்னால் பேருருத் தெய்வங்கள். முன்னால் பூச்சிகளும் பறவைகளும் விலங்குகளுமாக நடனக்காரர்கள், சிலர் பொய்க்காலில். உடம்பின் வடிவமே தெரியாத உடை. அதற்குள் இருந்தவர் எத்தனை ஆண்டு பயின்றவர் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. மீயோ முந்தைய ஆண்டு நியூயார்க்கின் ஹார்லெமில் கேட்ட ஜாஸை மனதில் வைத்து, சாக்ஸபோனும் சேர்த்துப் பதினேழு பதினெட்டுப் பேருக்கு இசை எழுதினார். அந்த இரவே கோல் போர்ட்டர் இசையமைத்த இன்னொரு பாலேயும் அரங்கேறியது. அமெரிக்காவுக்குக் குடியேறும் ஒரு ஸ்வீடன்காரனின் கதை. பின்திரை முழுக்க ஒரு பிரம்மாண்டமான செய்தித்தாளின் முதல் பக்கம்.

ரஷ்யாவிலிருந்து வந்து பாரிஸில் குடியேறிய விமர்சகர் ஆந்த்ரே லெவின்சன் இதையெல்லாம் ஏற்கவில்லை. நடனத்தின் இலக்கணத்தை அவரளவு நுட்பமாக எழுதியவர் அன்று வேறு யாருமில்லை. ஓவியத்துக்கு நடனம் வேலைக்காரியாகிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அவரைப் பழமைவாதி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கால் உயர்வதிலும் முதுகு நிமிர்வதிலும் இருநூற்றைம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதை அட்டை உடைக்குள் மூடினால் அந்த உழைப்பை நேசிப்பவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவர் அளவுகோல் இந்தக் குழுவுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். நடனக்காரர் தன் உடம்பின் பெருமையை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுத்தால் மேடை முழுவதும் ஒரே உடம்பாக அசையும் என்பதுதான் பொர்லின் கேட்ட கேள்வி. அதற்குச் சுழற்சிகளை எண்ணி மதிப்பெண் போட முடியாது. லெவின்சன் சொன்னதில் என்னால் மறுக்க முடியாத பகுதி வேறு. இந்தக் கேள்வியை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கப் பொர்லினிடம் வகுப்பு இல்லை. ஒரு அரங்கேற்றம் முடிந்தால் அடுத்த அரங்கேற்றம். நடுவில் ஊர் ஊராகப் பயணம். குழுவின் எல்லா நடனங்களையும் அவனே அமைத்தான், பெரும்பாலானவற்றில் தலைமை வேடமும் அவனே ஆடினான். இருபதுக்கு மேற்பட்ட படைப்புகள். ஒரு மனிதன் தாங்கக்கூடியதா அது?

தாங்கவில்லை. 1924 நவம்பர் 27-ஆம் தேதி ‘ரெலாஷ்’ அரங்கேறும் என்று பாரிஸ் முழுக்க அறிவித்திருந்தார்கள். ‘இன்று காட்சி இல்லை’ என்று அரங்குகள் வாசலில் மாட்டும் பலகையில் இருக்கும் சொல்தான் ரெலாஷ். அன்று வந்தவர்கள் கதவு மூடியிருக்கக் கண்டார்கள். படைப்பை எழுதிய ஓவியர் பிகாபியாவின் விளையாட்டு என்று பலர் நினைத்தார்கள். பொர்லினுக்கு உடல்நிலை சரியில்லை என்பதுதான் உண்மை. டிசம்பர் 4-ஆம் தேதி திரை உயர்ந்தபோது பின்னால் முந்நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகள் பார்வையாளர் கண்ணுக்கு நேராக எரிந்தன. மேடையில் ஒரு தீயணைப்பு வீரர் ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்து வந்தவர்கள் ஆடினார்கள். இசை எரிக் சாட்டி. அதுவே அவருடைய கடைசிப் படைப்பு. அடுத்த ஜூலையில் அவர் இறந்தார்.

இடைவேளையில் காட்ட ரெனே க்ளேர் ஒரு படம் எடுத்திருந்தார். ‘இடைவேளை’ என்ற பெயரிலேயே அது இன்றும் கிடைக்கிறது, கட்டாயம் பாருங்கள். வேட்டைக்காரனாக வரும் பொர்லின் கூரைமேல் சுடப்பட்டு விழுகிறான். ஒட்டகம் இழுக்கும் சவவண்டி. பின்னால் ஓடும் ஊர்வலம். வண்டி தறிகெட்டு ஓட, பெட்டி உருண்டு விழுகிறது. அதிலிருந்து எழுந்து வருபவன் பொர்லினே, கையில் மந்திரக்கோலோடு. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகத் தொட்டு மறையச் செய்துவிட்டு, கடைசியில் கோலைத் தன் பக்கம் திருப்பித் தானும் மறைகிறான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவன் அசைந்ததை நாம் இன்றும் பார்க்கக் கிடைக்கும் நிமிடங்கள் அவை.

1925 மார்ச் 17-இல் எப்பெர்னே என்ற சிற்றூரில் குழு கடைசியாக ஆடியது. ‘ரெலாஷ்’ வரை வந்தபின் முன்னே போக வழியும் இல்லை, பின்னே திரும்ப மனமும் இல்லை என்று மாரே பின்னர் விளக்கம் தந்தார். அரங்கு அவர் பொறுப்பில் சில காலம் தொடர்ந்தது. அந்த அக்டோபரில் ஜோசஃபின் பேக்கர் பாரிஸை மயக்கியது அங்கேதான். பொர்லின் 1930 டிசம்பரில் நியூயார்க்கில் இறந்தான். வயது 37.

குழுவின் சொத்தைப் பிரித்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. லெஜேயின் ஓவியங்கள் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. மீயோவின் ‘உலகப் படைப்பு’ கச்சேரி மேடைகளில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. நடனம் ஒன்று இருந்தது என்று தெரியாமலே அதை ரசிப்பவர்கள் ஏராளம். க்ளேரின் படம் திரைப்பட மாணவர்களின் பாடம். எல்லாவற்றையும் ஒரே மேடையில் கூட்டிவைத்த நடன அமைப்பு மட்டும் போய்விட்டது. மில்லிசென்ட் ஹாட்சன், கென்னத் ஆர்ச்சர் என்ற இருவர் உடை ஓவியங்களையும் புகைப்படங்களையும் பழைய விமர்சனங்களையும் வைத்து ‘சறுக்கு அரங்க’த்தை 1996-இல் ஜூரிக்கில் மறுபடி எழுப்பினார்கள். போற்றத்தக்க உழைப்பு, ஆனால் அடி எடுத்துவைத்தது எப்படி என்பதை ஊகித்துத்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

இந்த இழப்பை முதலில் உணர்ந்தவர் மாரேதான். பொர்லினின் நினைவாகப் பாரிஸில் அவர் சர்வதேச நடன ஆவணக் காப்பகத்தை நிறுவினார். நூலகம், காட்சிக்கூடம், சொற்பொழிவுகள், நடனத்துக்கென்று ஒரு பத்திரிகை. 1938-இல் இந்தோனேசியத் தீவுகளுக்குப் படக்கருவியோடு போய் அங்குள்ள நடனங்களைப் பதிவு செய்தார். அந்தச் சேகரிப்பின் ஒரு பகுதி இன்று ஸ்டாக்ஹோம் நடன அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காப்பகத்தின் பெயரில் 1932 ஜூலையில் அவர் நடன அமைப்புக்கான போட்டி ஒன்று நடத்தினார், அதே ஷான்ஸெலிஸே அரங்கில். ஜெர்மனியின் குர்ட் யோஸ் கொண்டுவந்த ‘பச்சை மேசை’ முதல் பரிசு பெற்றது. கறுப்பு உடைக்காரர்கள் மேசையைச் சுற்றி நின்று வாதிட, மரணம் ஒவ்வொருவராக அழைத்துப்போகும் போர்க்கதை. அந்த நடனம், அசைவுகளை எழுதிவைக்கும் முறையான லாபன் குறியீட்டில் அடி அடியாக எழுதிவைக்கப்பட்டது. யோஸின் காலத்துக்குப் பிறகு பிறந்தவர்களும் அதை ஆடுகிறார்கள். அது பரிசு வாங்கிய இரவில், பொர்லின் இறந்து ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது.