வாசற்கதவின் வண்ணம்: தமிழ்நாடும் யாழ்ப்பாணமும்

வாசற்கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பொங்கலை ஒட்டியே மும்முரமாகும். இரண்டு இடத்துக்கும் பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்து உப்பிய மரம் காய்ந்து பழைய அளவுக்கு வந்த பிறகுதான் பூச்சு பிடிக்கும்; அவசரப்பட்டால் கொப்புளம் கிளம்பும். தமிழ்நாட்டில் போகிக்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் போகி பெரிய வழக்கமில்லை. பொங்கலுக்கு விட்டுப்போனதைச் சித்திரை வருடப்பிறப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம். அது தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கொண்டாடும் நாள் என்பதால், பங்குனியிலும் அங்கே பெயின்டருக்கு வேலை உண்டு.

வேறுபாடு வீடு தெருவைப் பார்க்கும் விதத்தில் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் பழைய தெரு வீடுகளில் திண்ணையை அடுத்து உடனே கதவு. வெயிலும் சாரலும் அதன்மேல் நேராக விழும். போகிறவர் வருகிறவர் கண்ணும் விழும். ஆகவே பளிச்சென்ற நீலமோ பச்சையோ எனாமல் அங்கே கதவுக்கே போகிறது. யாழ்ப்பாண வீடு வளவுக்கு நடுவே இருக்கும். தெருவுக்குத் தெரிவது வேலியும் படலையும்தான். வசதியுள்ளவர்கள் கூரை வேய்ந்த சங்கடப்படலை வைத்தார்கள். கிடுகு வேலி போய் மதிலும் இரும்புக் கேற்றும் வந்தபோது, வண்ணப் பகட்டெல்லாம் கேற்றுக்குப் போயிற்று. முன்கதவு விறாந்தை நிழலுக்குள் இருப்பதால் பெரும்பாலும் வார்னிஷோடு நிம்மதியாக இருக்கிறது. உப்புக் காற்றில் துருவேறும் கேற்றைத்தான் அடிக்கடி சுரண்டிப் பூச வேண்டும்.

மரம் நல்லதாக இருந்தால் இரு கரையிலும் பெயின்ட்டுக்கு இடமில்லை. செட்டிநாட்டுப் பர்மாத் தேக்குக் கதவின் செதுக்கலை எனாமலால் மூடுவது அநியாயம். யாழ்ப்பாணத்தில் முதிரை, வேம்புக் கதவுகளுக்கும் அதே மரியாதை. மலிவு மரம் வந்த பிறகே பட்டி தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கை பெயின்ட் ஏற்றும் வழக்கம் பரவலானது. அந்த வேலையின் தரத்தைக் கதவின் கீழ்விளிம்பில் பார்க்கலாம். கீலைக் கழற்றாமல் அடிப்பவர் தூரிகை அங்கே எட்டாது. மழைநீர் அந்த வழியாகத்தான் மரத்துக்குள் ஏறி முதலில் அழுக வைக்கும். வேலையைக் காலையிலேயே தொடங்குவது நல்லது, இல்லாவிட்டால் இரவு கதவைச் சாத்த முடியாது.

நிலைவாசலில் வழக்கம் இன்னும் விலகுகிறது. முகூர்த்தம் பார்த்து நிலை வைப்பது இருவருக்கும் பொது. தமிழ்நாட்டில் வெள்ளிக்கிழமை தோறும் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைப்பார்கள். மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். அதனால் பல வீடுகளில் படிக்கு மஞ்சள் எனாமல் அடித்து, சிவப்புப் பொட்டையும் கோலத்தையும் பெயின்ட்டிலேயே போட்டுவிடுகிறார்கள். சடங்கைக் குறுக்குவழியில் முடிக்கும் சாமர்த்தியம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் விசேஷ நாளில் மாவிலைத் தோரணமும் நிறைகுடமும் வாசலை அலங்கரிக்கும். நாள் முடிந்தால் எடுத்துவிடுவார்கள், மரத்தின் நிறம் மாறாது.

டப்பாவில் இருப்பது இப்போது ஏறக்குறைய ஒன்றுதான். இலங்கையின் கோஸ்வே பெயின்ட்ஸ் நிறுவனத்தை இந்தியாவின் ஏசியன் பெயின்ட்ஸ் 2017இல் வாங்கியது. பழைய எனாமலில், குறிப்பாக மஞ்சளிலும் ஆரஞ்சிலும், ஈயக் குரோமேட் கலந்திருந்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு இலங்கை விதித்த வரம்பு 2013இல் அமலுக்கு வந்தது. பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற இந்திய வரம்பு 2017 நவம்பரில் வந்தது. அதற்கு முந்தைய பூச்சை, முக்கியமாகக் குழந்தைகள் உட்கார்ந்து விளையாடும் மஞ்சள் நிலைப்படியை, உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. நனைத்துத் தேய்த்து, வரும் சேற்றைத் துடைத்தெடுத்துவிட வேண்டும்.