நடப்பவனும் நாயகனும்: இரட்சணிய யாத்திரிகத்தில் கிருபைக் கோட்பாடும் காப்பிய மரபும்

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், கிருபை, விசுவாசம், பாவச்சுமை, காப்பியத் தலைவன்

முன்னுரை

தைப்பூசக் காலத்தில் திண்டுக்கல் சமவெளியின் சாலைகளில், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் திரள்திரளாக நடக்கின்றனர். தோளில் காவடி, உள்ளத்தில் நேர்த்திக்கடன். இப்பகுதி வாசகருக்கு ‘யாத்திரை’ என்னும் சொல் முதலில் உணர்த்துவது, உடல் வருந்த நடக்கும் இந்நடையையே. இப்பின்புலத்தில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகத்தைப் (1894) படிப்போர்க்கு ஒரு வினா எழுகிறது. மீட்பு மனிதச் செயலால் ஈட்டப்படுவதன்று; விசுவாசத்தின் வழியாகப் பெறப்படும் கிருபையின் ஈவு என்பது எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் உரைக்கும் கோட்பாடு. சீர்திருத்தத் திருச்சபைகள் இதனைத் தம் அடித்தளமாகக் கொண்டன. ஈவாகக் கிடைப்பதற்கு யாத்திரை எதற்கு? இவ்வினாவிற்கான விடையைக் காப்பியத்தின் அமைப்பில் தேடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

சுமையும் காவடியும்

இக்காப்பியத்திற்கு மூலமானது ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’. அதன் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அதில் பயணி முதுகில் பாவச்சுமையுடன் புறப்படுகிறான். சிலுவை நிற்கும் இடத்தை அடைந்ததும் சுமை தானே கழன்று உருண்டு, கீழேயுள்ள கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவன் அதை அவிழ்க்கவில்லை. இது நிகழ்வது பயணத்தின் முடிவிலன்று. வான்நகர் இன்னும் வெகுதொலைவில் இருக்கும்போதே நிகழ்கிறது.

காவடியோ விரும்பி ஏற்ற சுமை. சந்நிதிவரை சுமந்து சென்று செலுத்துவதில் நிறைவடைவது. எனினும் ஒன்று முயற்சி, மற்றது அருள் என்று பிரித்துவிடுதல் பிழையாகும். இரு குன்றுகளைச் சுமந்து வந்த இடும்பனும் பழனியில் தன் வலிமை தோற்ற பின்னரே முருகனருளால் உயிர் மீண்டான் என்பது புராணச் செய்தி. ஆகவே வேறுபாடு அருளின் இருப்பில் இல்லை. சுமையின் பொருளில் உள்ளது. நேர்த்திக்கடனை நேர்ந்தவரே தீர்ப்பர். பாவக்கடனைப் பட்டவன் தீர்க்க இயலாது. அவன் பொருட்டு வேறொருவர் தீர்க்க வேண்டும்.

காப்பியத் தலைவன் யார்?

அவ்வேறொருவருக்கு இடமளிப்பதிலேயே கிருஷ்ணபிள்ளை மூலநூலிலிருந்து விலகுகிறார். 3766 பாடல்களைக் கொண்ட இக்காப்பியம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக அமைந்தது. இயேசுவின் பாடுகளைப் பனியன் விரித்துக் கூறவில்லை. சிலுவைக் காட்சியும் அவரிடம் சுருக்கமானதே. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் ‘இரட்சணிய சரிதப் படலம்’ அமைத்து அப்பாடுகளை விரிவாகப் பாடுகிறார். இதனால் பயணக்கதையின் ஓட்டம் தடைப்படுகிறது என்று குறைகூற இடமுண்டு. ஆனால் கோட்பாட்டு நோக்கில் இத்தடை இன்றியமையாதது.

பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்கார மரபு. யாத்திரிகன் அத்தகையவன் அல்லன். அஞ்சுபவன், வழி தவறுபவன், சேற்றில் அழுந்திப் பிறர் கைகொடுக்கக் கரையேறுபவன். கம்பனில் கானகம் நடப்பவனே காப்பிய நாயகன். இங்கு நடப்பவன் ஒருவன், நாயகன் வேறொருவன். கிருபைக் கோட்பாடு தலைமைப் பண்பைப் பெறுபவனிடமிருந்து கொடுப்பவரிடம் மாற்றிவிடுகிறது. ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பட்டம் சொல்லாட்சியிலும் விருத்தநடையிலும் ஒப்புமை தேடத் தூண்டி, இவ்வமைப்பு வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

பற்றுதலும் பற்றப்படுதலும்

கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா உயிர் என்னும் விவாதம் வைணவத்தில் நெடுங்காலமாக நிலவுவது. யாத்திரிகனின் விசுவாசம் இவ்விரண்டில் எதனோடும் முற்றப் பொருந்துவதில்லை. அவன் கையை நீட்டுகிறான். ஆனால் நீட்டிய கை ஈவுக்கு விலையாவதில்லை. விசுவாசத்தையே ஒரு நற்செயலாக எண்ணினால், செயலால் மீட்பு என்னும் கொள்கை மறுவாயில் வழியாக நுழைந்துவிடும்.

பாடநூல் வாசிப்பு

மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலில் இரட்சணிய சரிதப் படலத்தின் ஒரு பகுதி இடம்பெற்றுள்ளது. தனியே படிக்கும்போது அது பொறுமை என்னும் அறத்திற்கு எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடக்கூடும். காப்பியத்தில் அத்துன்பம் யாத்திரிகனின் சுமையோடு பிணைந்தது. அப்பிணைப்பைச் சுட்டிக் கற்பித்தல், சமயப் பரப்புரை ஆகாது. பனுவலுக்குச் செய்யும் நேர்மை ஆகும். திருவாசகத்தை அருள் என்னும் கருத்தை விலக்கிக் கற்பிக்க இயலாததைப் போன்றதே இது.

முடிவுரை

சுமை நீங்கிய பின்னும் யாத்திரிகன் நடக்கிறான். மீட்புக்கு முன்னர் நடந்திருந்தால் அந்நடை விலையாகியிருக்கும். பின்னர் நடப்பதால் அது நன்றியாகிறது. எபேசியர் நிருபத்தின் அதே பகுதி நற்செயல்களை மீட்பின் காரணமாக அன்றி அதன் பயனாகவே வைப்பதும் இங்கு எண்ணத்தக்கது. யாத்திரை எதற்கு என்ற வினாவிற்குக் காப்பியம் தன் அமைப்பாலேயே விடை தருகிறது. குமார பருவத்தை இடைச்செருகலாகக் கருதாமல் காப்பியத்தின் மையமாகக் கொண்டு படிக்கும்போதே அவ்விடை புலப்படும்.