சிவக்கும் செடியின் கம்பு

ஐப்பசி மழை இரண்டு தரம் பெய்து மணல் உள்வரை நனைந்த பிறகுதான் எங்கள் மூத்தம்மா சின்னக் கத்தியோடு கிணற்றடி மருதோன்றியிடம் போவா. உடனே வெட்ட மாட்டா. ஒவ்வொரு கொப்பாக வளைத்துப் பார்ப்பா. பச்சை மாறாத இளங்கொப்பு மண்ணுக்குள் அழுகிவிடும். முற்றி வெளிறிய தடி லேசில் வேர்விடாது. இரண்டுக்கும் நடுவில், பென்சில் பருமனில், வளைக்கும்போது கொஞ்சம் எதிர்த்து நிற்கும் கொப்பு வேண்டும். அந்தத் தெரிவைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்தான் கம்பு நடுவதன் அழகு எனக்குப் பிடிபட்டது.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று எங்கள் கரையோர ஊர்களின் வளவுகளில் மருதோன்றி நெடுங்காலம் நின்ற செடி. விதையிலும் முளைக்கும். ஆனால் விதையில் வருவது பிள்ளை. தாயின் குணம் அதற்கு முழுதாக வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். கம்பில் வருவதோ அதே செடி. பெருநாள் இரவில் அரைத்துப் பூசி, விடியற்காலையில் உதிர்க்கும்போது செம்மஞ்சளாக இருந்து, அடுத்த நாள் கருஞ்சிவப்பாக முதிரும் நிறத்தை எல்லாச் செடியும் ஒரே அளவில் தருவதில்லை. அதனால் கம்பு கேட்டு வரும் பெண்கள் முதலில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் உள்ளங்கையைத்தான் பார்ப்பார்கள்.

மூத்தம்மா வெட்டும் கம்பு ஒரு சாண் நீளம். நாலைந்து கணு இருக்கும். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், நுனியை நேராகவும் வெட்டுவா. இலையை உருவிய பிறகு எது தலை எது கால் என்று குழம்பாமல் இருக்கத்தான் அந்தச் சாய்வு. தலைகீழாக நட்ட கம்பு தழைப்பது அரிது. ஜெர்மன் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபோக்டிங் 1878இல் வெளியிட்ட நூலில் இதை வில்லோ மரத் துண்டுகளைக் கொண்டு விளக்கினார். ஈரக்காற்றில் எப்படித் தொங்கவிட்டாலும், மரத்தில் இருந்தபோது அடியாக இருந்த முனையிலேயே வேர் கூடுதலாக வந்தது. மொட்டில் சுரக்கும் ஒக்சின் என்ற ஹோர்மோன் கீழ்நோக்கி இறங்கி வெட்டுவாயில் சேர்வதுதான் காரணம் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. ஒரு சாண் துண்டுக்குள்ளும் மேல் கீழ் என்ற நினைவு அழியாமல் இருக்கிறது!

நடுவதிலும் பதம் உண்டு. கம்பை மண்ணில் குத்தி இறக்கினால் பட்டை உரிந்துவிடும். முதலில் ஈர்க்கட்டையால் குழி போட்டு, இரண்டு மூன்று கணு மறையும்படி இறக்கி, சுற்றிலும் விரலால் அமத்த வேண்டும். எங்கள் கடற்கரை மணலைச் சத்தற்ற மண் என்று குறை சொல்வார்கள். ஆனால் வேரில்லாத கம்புக்குச் சத்து எதற்கு? தண்ணீர் தேங்காமல் காற்று உள்ளே போனால் போதும். மணலோடு தும்புச்சோறு கலந்தால் ஈரமும் நிற்கும். வேர் பிடித்த பிறகுதான் சாணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நட்டால் வேர் வருமுன்னே கம்பு காய்ந்துவிடும். மாரிதான் அதற்குத் தாய்வீடு.

இரண்டு கிழமையில் துளிர் வரும். பழகாதவர்கள் ஏமாறும் இடம் இதுதான். கம்புக்குள் சேமித்திருந்த மாப்பொருளில் வந்த இலை அது. கீழே ஒரு வேரும் இல்லாமலிருக்கலாம். இழுத்துப் பார்த்தால் அப்போதுதான் அரும்பிய வேரும் அறுந்துபோகும். துளிர் வாடாமல் நின்று, அதன் மேல் அடுத்த சோடி இலையும் விரியும் வரை தொடாமல் இருக்க வேண்டும். கத்தி பிடித்த அதே கை பிறகு சும்மா இருப்பதை இந்தக் கலையின் உச்சம் என்பேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போவான். அப்படி என் காக்கா சம்மாந்துறைக்குப் போனபோது மூத்தம்மா ஈரச்சாக்கில் சுற்றி மூன்று கம்பு கொடுத்துவிட்டா. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் வளவுக்குள் வந்தது. கிணறு உப்பானது, மருதோன்றி இருந்த இடத்தில் குழிதான் மிஞ்சியது. அடுத்த மாரிக்கு காக்கா ஈரச்சாக்கில் சுற்றி மூன்று கம்பு கொண்டுவந்தார். மூன்றுக்கும் அடி சாய்வாக வெட்டியிருந்தது.