மடியில் வைத்து வாசிக்கும் நூல்கள்: நமது சிறுவர் இலக்கியம் பற்றிய சில அவதானங்கள்

சிறுவர் இலக்கியம் பற்றி நமது சஞ்சிகைகளில் வெளிவரும் மதிப்புரைகள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. இந்நூல் பிள்ளைக்கு என்ன நற்கருத்தைப் புகட்டுகிறது என்பதே அக்கேள்வி. நூலை எழுதியவரும் பெரியவர், மதிப்பிடுபவரும் பெரியவர். யாருக்காக அந்நூல் எழுதப்பட்டதோ அந்த வாசகரின் அபிப்பிராயம் எங்கும் பதிவாவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை நூலை வாசிப்பதில்லை. அது உம்மாவின் மடியிலோ வாப்பாவின் பக்கத்திலோ இருந்து கேட்கிறது, படத்தைப் பார்க்கிறது, இடைமறித்துக் கேள்வி கேட்கிறது, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுகிறது. எழுந்து போவதும் ஒரு விமர்சனந்தான்.

தற்போது மூன்று வயதும் ஆறு வயதுமான என் இரு பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டிய நூல்களும், அவர்களுக்கென வாங்கிய கற்றல் சாதனங்களும் இக்கட்டுரைக்கு அடிப்படை. இரண்டு பிள்ளைகளை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாது. ஆயினும் ஒரு பிரதி எவ்விடத்தில் தடக்குகிறது என்பதைக் காட்ட இரண்டு பிள்ளைகள் போதும்.

முதலில் அரிச்சுவடிச் சுவர்ப்படம். முன்பள்ளிகளிலும் வீடுகளிலும் தொங்கும் இப்படங்களில் அ என்றால் அம்மா, ஆ என்றால் ஆடு, உ என்றால் உரல். இன்று எங்கள் தெருவில் உரல் உள்ள வீடுகள் சொற்பம். மகள் அப்படத்தைப் பார்த்து ‘மேசை’ என்றாள். நமது பிள்ளை நாளொன்றுக்கு நூறு தடவை உச்சரிக்கும் சொல் ‘உம்மா’. அது அதே ‘உ’ எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் உ – உம்மா என்று அச்சிட்ட சுவர்ப்படம் ஒன்று எங்கள் ஊர்க் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. எழுத்தை முதன்முதல் சந்திக்கும் பிள்ளைக்கு, தன் வாயிலுள்ள முதற்சொல்லே அவ்வெழுத்தில் இருப்பதைக் காட்டுவதைவிட இலகுவான கற்பித்தல் முறை வேறென்ன இருக்க முடியும்?

இது வெறும் அடையாள அரசியல் சம்பந்தப்பட்ட விடயமல்ல. கதை விளங்குவதோடு நேரடியாகத் தொடர்புடையது. தமிழகத்திலிருந்து வரும் கதை நூல்களில் ‘தாத்தா’ என்றால் பாட்டன். கொழும்பிலும் தென்பகுதியிலும் மலையகத்திலும் பல முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்பவர் மூத்த சகோதரி. நூலில் ‘அப்பா’ தகப்பன். நமது பல ஊர்களில் அப்பா என்பவர் உம்மாவையோ வாப்பாவையோ பெற்றவர். ‘அப்பாவும் தாத்தாவும் சந்தைக்குப் போனார்கள்’ என்று ஒரு நூலில் வருமானால் அங்கே பிள்ளையின் மனக்கண்ணில் போகிறவர்கள் வேறு இருவர்! கிழக்கிலோ நிலைமை இன்னும் சுவாரஸ்யமானது. இங்கே காக்கா என்பவர் மூத்த சகோதரர். பாட்டியிடம் வடை திருடிய காக்காவின் கதையை வாசித்தபோது என் மகள் ஆறு வயதுக் காக்காவைத் திரும்பிப் பார்த்து, ‘காக்கா ஏன் வடையக் களவெடுத்த?’ என்று கேட்டாள். மகன் அழுதுவிட்டான். ‘காகம்’ என்ற சொல் இருந்திருந்தால் அக்கதை ஒழுங்காக நடந்திருக்கும்.

வாசித்துக் காட்டும் பெற்றோர் இவற்றையெல்லாம் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே போகின்றனர். கண் ‘அப்பா’ என்று வாசிக்கிறது, வாய் ‘வாப்பா’ என்கிறது. கண் ‘சென்றான்’ என்கிறது, வாய் ‘போனான்’ என்கிறது. இரண்டாவது மொழிபெயர்ப்பு தமிழ் பேசும் எல்லோருக்கும் பொதுவானது. முதலாவது நமக்கு மட்டும் உரியது. பிள்ளை எழுத்துக்கூட்டத் தொடங்கும் நாளில் இந்த ஏற்பாடு அம்பலமாகிறது. ‘இதுல அப்பா எண்டெல்லோ கிடக்கு, நீங்க ஏன் வாப்பா எண்டு வாசிச்ச?’ என்று மகன் கேட்டான். தன் வீட்டுச் சொல் புத்தகத்தில் எழுதப்படாத சொல் என்ற முதற்பாடத்தை அவன் அன்று படித்துக்கொண்டான். அந்தப் பாடத்தை எந்த எழுத்தாளரும் திட்டமிட்டுப் புகட்டவில்லை. ஆனால் நூலின் நற்கருத்தைவிட ஆழமாகப் பதிவது அதுதான்.

அப்படியானால் நம் சூழலுக்குப் புறம்பான நூல்கள் யாவும் நம் பிள்ளைகளுக்கு ஒவ்வாதவையா? இல்லை என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. எரிக் கார்ள் 1969இல் வெளியிட்ட பசித்த மயிர்க்கொட்டியின் கதை, ஆங்கிலத்தில் உள்ள அந்நூல், எங்களிடம் கிழிந்து ஒட்டப்பட்டு மீண்டும் கிழிந்துவிட்டது. திங்களன்று ஓர் அப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று வெள்ளிவரை தின்றுபோகும் அப்புழு, சனிக்கிழமை பத்து வகைத் தின்பண்டங்களை விழுங்கி வயிற்றுவலிப்பட்டு, ஞாயிறன்று ஓர் இலையைத் தின்று சுகமடைகிறது. பின்னர் கூட்டுக்குள் அடைந்து வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது. சனிக்கிழமைப் பட்டியலில் என் பிள்ளைகள் கண்டிராத பண்டங்களே அதிகம். சலாமியும் சொசேஜும்கூட உண்டு. ‘அது ஹலாலா?’ என்று மகன் கேட்டான். ‘மயிர்க்கொட்டிக்கு என்ன ஹலால் ஹராம்’ என்று அவனே முடிவும் சொன்னான். கதை நிற்கவில்லை.

காரணம் தெளிவானது. தெரியாத பொருள் பிள்ளையை அழைக்கிறது. பக்கத்தில் துளை இருக்கிறது, விரலை விடலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பழங்கள் கூடுகின்றன. பசி அடங்காத செய்தி ஒவ்வொரு நாளும் அதே சொற்களில் திரும்பி வருகிறது. மூன்றாம் நாளிலிருந்து பிள்ளை அதை நமக்கு முன்னரே சொல்லிவிடுகிறது. துளையிட்ட பக்கங்களை அச்சிடுவது அன்றைய அமெரிக்காவில் அதிக செலவு பிடித்ததால் முதற்பதிப்பு ஜப்பானில் அச்சானது. நூலின் உருவமும் கதையின் பகுதி என்று பதிப்பாளர் நம்பியதால் எடுத்த சிரமம் அது. அளவோடு உண்ண வேண்டும் என்ற போதனை அந்நூலில் ஒரு வரியிலும் இல்லை. ஆனால் வயிற்றுவலிப் பக்கம் வரும்போது மகள் தன் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஆக, பண்டம் அந்நியமாக இருப்பது குறையல்ல. பிள்ளை தன்னைத் தாங்கியிருப்போரை அழைக்கும் சொல் அந்நியமாக இருப்பதே இடறுகிறது. புழுவின் கதையில் உறவுமுறை ஒன்றும் இல்லாததால் அது எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

உறவுமுறையோடு நுழைந்த நூலும் உண்டு. அது நமது நாட்டது. காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில் பிறந்து 2020இல் காலமான சிபில் வெத்தசிங்க 1956இல் படைத்த ‘குட ஹொரா’, குடைக்கள்வன் கதை. குடையையே கண்டிராத கிராமத்தவரான கிரி மாமா பட்டணம் போய்க் குடை வாங்கி வருகிறார். கோப்பிக் கடையில் இருக்கும்போது அது களவு போகிறது. மீண்டும் வாங்குகிறார், மீண்டும் போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளை வைத்து, அவை சிந்திய வழியே சென்று பார்த்தால் மரத்தில் குடைகள் தொங்குகின்றன. கள்வன் ஒரு குரங்கு. கிரி மாமா ஒரு குடையைக் குரங்குக்கே விட்டுவிட்டு மற்றவற்றோடு குடைக்கடை வைக்கிறார்.

சிங்கள நூலைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதை எங்கள் வீட்டுத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ‘மாமா’ சிங்களவருக்கும் தமிழருக்கும் நமக்கும் மாமாதான். நமது கதைகளில் கள்வன் பிடிபடுவான், அடிபடுவான், திருந்துவான், கடைசிப் பந்தியில் ஆசிரியர் வந்து களவு தீது என்பார். வெத்தசிங்கவின் கள்வனுக்கு ஒரு குடை பரிசாகக் கிடைக்கிறது. இதைக் கேட்ட மகன் நெடுநேரம் யோசித்து, ‘மழைக்குக் குரங்கும் நனையும் எலா’ என்றான். இரக்கம் என்ற சொல் கதையில் இல்லை. அதை அவன்தான் கண்டெடுத்தான். பிள்ளை கண்டெடுக்க ஒன்றும் மிச்சம் வைக்காத நூலை இரண்டாம் தடவை எடுக்க அது விரும்புவதில்லை.

இனி நாமே, நமக்கென்று வெளியிடும் நூல்கள். இவற்றில் வாப்பாவும் உம்மாவும் இருக்கிறார்கள். அது நிறைவளிக்கிறது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வாழ்வதில்லை, உபதேசிக்கிறார்கள். நான் பார்த்த பல நூல்களில் பிள்ளை பிழை செய்கிறது, உம்மா ஹதீஸ் ஒன்றைச் சொல்கிறா, பிள்ளை உடனே திருந்துகிறது. ஹதீஸ் கண்ணியமானது. கதையின் பலவீனத்துக்கு அதனை முட்டுக்கொடுப்பதில் கண்ணியம் இல்லை. படங்களும் அவ்வாறே. ஒரு நூலில் உம்மா தன் சமையலறையில் ரொட்டி சுடும்போதும் வெளியே போகும் உடையோடு முழுமையாகப் போர்த்தியிருக்கிறா. ‘இந்த உம்மா எங்க போகப் போறா?’ என்று மகள் கேட்டாள். ஓவியருக்குத் தயக்கம் இருக்கலாம், வெளியீட்டாளருக்கு அச்சம் இருக்கலாம். எனினும் பிள்ளை காண்பது தன் வீட்டையல்ல. பொட்டு வைத்த தாயைக் கண்டபோது அது தன் வீடல்ல என்று உணர்ந்த அதே பிள்ளை, போர்த்திய தாயைக் கண்டபோதும் அப்படியே உணர்கிறது.

உருவம் வரைவதிலுள்ள மார்க்க வரையறை நமது ஓவியத்துக்குத் தடையென்று சிலர் கருதுகின்றனர். நபிமார் கதைகளில் நபியின் உருவத்தை வரைவதில்லை என்பது நாம் பேணும் ஒழுங்கு. ஆனால் குர்ஆனே கதைகளைச் சொல்லும்போது பிராணிகளை முன்னால் நிறுத்துகிறது. சூரதுந் நம்லில் ஒரு எறும்பு, ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் போகச் சொல்லி எச்சரிக்கிறது. அதே சூராவில் ஹுத்ஹுத், நமது கொண்டலாத்தி, தூரதேசத்துச் செய்தியோடு பிந்தி வருகிறது. குகைவாசிகளோடு ஒரு நாய் முன்கால்களை நீட்டிக் கிடக்கிறது. எறும்பின் உயரத்தில் நின்று பார்த்தால் அப்படை எப்படித் தெரியும்? குதிரைக் குளம்புகளும் புழுதியும் மட்டுந்தான். நபியின் உருவம் எங்கும் தேவைப்படாத, மூன்று வயதுப் பிள்ளை மூச்சடக்கிப் பார்க்கக்கூடிய ஒரு படநூல் அங்கே காத்திருக்கிறது. நமது ஓவியர் ஒருவர் அதை வரையட்டும்.

நூலுக்குப் பதிலாக இப்போது வீடுகளுக்குள் வருவது பேசும் பலகை. பொத்தானை அமுக்கினால் அரபு எழுத்தும் துஆவும் ஆங்கில எண்ணும் ஒலிக்கும். பெருநாள் பரிசாக எங்களுக்கும் ஒன்று வந்தது. துஆ முடியுமுன் அடுத்த பொத்தான், அது முடியுமுன் அடுத்தது. ஒரு கிழமைக்குள் பிள்ளைகள் ஒரு துஆவையும் முழுமையாகக் கேட்டதில்லை. அமெரிக்காவின் வட அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2016இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. 10 முதல் 16 மாதங்கள் வரையான குழந்தைகளும் பெற்றோருமாக 26 சோடிகளை அவதானித்ததில், ஒலியெழுப்பும் மின்னணு விளையாட்டுப் பொருள்களோடு இருக்கையில் பெற்றோர் குறைவாகப் பேசினர், நூல்களோடு இருக்கையில் அதிகம் பேசினர் என்று கண்டனர். பலகை பேசுகிறதென்று நாம் வாயை மூடிக்கொள்கிறோம். துஆவை மூத்தம்மாவின் வாயிலிருந்து கேட்ட தலைமுறைக்கு அவரது குரலும் சேர்ந்தே ஞாபகத்தில் நின்றது.

தமிழில் நல்ல படநூல்களே இல்லை என்று கூறுவது அநியாயம். 1996இல் தொடங்கிய சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழில் படநூலின் தரத்தை உயர்த்தியது. இலங்கையில் 2005இல் பணியைத் தொடங்கிய றூம் ரு றீட் நிறுவனம் இரு மொழிகளிலும் படநூல்களை வெளியிட்டது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ‘ஆடிப்பிறப்பு’ யாழ்ப்பாணத்துக் கூழையும் கொழுக்கட்டையையும் பாடுவது. நமது பாடசாலைகளில் முஸ்லிம் பிள்ளைகளும் அதை வாயூறப் பாடியே வளர்ந்தனர். ஓர் ஊரின் பாட்டு அவ்வூரை விட்டு வெளியே போனது, அது தன் ஊரை மறைக்காததால். நோன்புக் கஞ்சிக்குக் கோப்பையோடு பள்ளிக்கு ஓடும் பிள்ளையின் குதூகலம் அதே அளவுக்குப் பாடத்தக்கது. அதை எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பாடும்படி நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

ஓர் ஆட்சேபம் எழலாம். காக்காவா நானாவா, ராத்தாவா தாத்தாவா? எவ்வூர்ச் சொல்லை அச்சிடுவது? கதை எவ்வூரில் நடக்கிறதோ அவ்வூர்ச் சொல்லையே அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. அக்கரைப்பற்றுப் பிள்ளை கதையில் நானாவைச் சந்தித்தால், ‘மாத்தறையில காக்காவுக்கு நானா எண்டுதான் சொல்ற’ என்று ஒரு வரியில் விளக்கிவிடலாம். அதனால் பிள்ளைக்கு ஒரு உறவு கூடுகிறது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எவருடைய வீட்டிலும் வழங்காத சொல்லைத் தெரிவதால் ஒன்றும் கூடுவதில்லை.

சிறுவர் நூல்களை நாம் பெரும்பாலும் ஓய்வுக்கால எழுத்தாகவே நடத்துகிறோம். கவிதைத் தொகுதிக்குச் செலுத்தும் கவனத்தில் பாதிகூட அதற்கில்லை. நமது மொழியில் தொடர்ந்து வாசிப்போர் குறைந்துவருவதாக இலக்கியக் கூட்டங்களில் கவலைப்படுகிறோம். சிங்கள மொழிமூலத்தையும் ஆங்கிலத்தையும் நாடிப் பிள்ளைகள் போவதாகக் குறைப்படுகிறோம். அப்பிள்ளைகள் எழுத்தைச் சந்தித்த முதல் நாளில் அவர்களுடைய வீட்டை அங்கே கண்டார்களா என்று நாம் விசாரிப்பதில்லை. எழுதுகிறவர்கள் கையெழுத்துப் பிரதியை அச்சகத்துக்குக் கொடுக்குமுன் ஒரு மூன்று வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி உரத்து வாசிக்கட்டும். அது எந்தப் பக்கத்தில் எழுந்து போகிறதோ அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதட்டும்.