செல்போர்ன் சேகர வரலாறு: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரை உலகறியச் செய்தவர் கில்பர்ட் ஒயிட் (1720–1793). அவர் அவ்வூர்க் குருமனையில் பிறந்து, தூய மரியாள் ஆலயத்தில் உதவிக்குருவாகத் திருப்பணியாற்றி, அவ்வாலய முற்றத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார். 1789இல் வெளிவந்த அவரது நூல் இரு பகுதிகளையுடையது. பறவைகளையும் செடிகொடிகளையும் பற்றிய முற்பகுதி பலமுறை அச்சேறியது. ஆலயத்தையும் துறவியர் மடத்தையும் பற்றிய பிற்பகுதியைப் பதிப்பாளர் பலர் விட்டுவிட்டனர். குருமார் கருத்தூன்றிப் படிக்கவேண்டியது அப்பிற்பகுதியே.

ஆசிரியரின் முறை போற்றத்தக்கது. செவிவழிச் செய்தியோடு அவர் நின்றுவிடவில்லை. ஆலய முற்றத்து யூ மரத்தின் அடிச்சுற்றை அளந்து 23 அடி எனக் குறித்தார். அம்மரம் 1990இல் புயலில் வீழ்ந்தது. அவர் தந்த அளவு நிலைத்திருக்கிறது. 60 ஆண்டு ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளை ஆராய்ந்தார். 1783இல் சேகரத்தில் வாழ்ந்தோர் 676 பேர் எனக் கணக்கிட்டார்.

1233இல் நிறுவப்பெற்ற துறவியர் மடத்தின் வரலாற்றையும் அவர் மறைப்பின்றி எழுதினார். 1387இல் விக்கமின் வில்லியம் பேராயர் அங்குக் கண்ட குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார்: துறவியர் வேட்டைக்குச் சென்றனர், திருப்பணி ஆடைகள் அழுக்கேறிக் கிடந்தன.

ஆயின், தம் காலத்துச் சபையைப் பற்றி எழுதுகையில் அவர் எழுதுகோல் மென்மையடைகிறது. ஏழைகள் மிகுதி என்று ஒப்புக்கொள்கிறார். எனினும் அவர்களுள் பலர் நல்ல கல்வீடுகளிலும் செங்கல் வீடுகளிலும் நலமாய் வாழ்வதாகக் கூறி அமைகிறார். அவ்வேழைகள் தம் நிலையைக் குறித்து என்ன எண்ணினர் என்பதை நூலில் காணோம். 1830 நவம்பரில் அதே ஊர்த் தொழிலாளர் திரண்டு, தசமபாகத்தைக் குறைக்குமாறு குருவானவரை நெருக்கினர். ஏழைகள் விடுதியைத் தகர்த்தனர். 41 ஆண்டுகளில் போரும் விலைவாசியும் நிலைமையை மாற்றியிருந்தன. ஆகவே அக்கலகத்திற்கு ஒயிட்டைப் பொறுப்பாக்குவது நீதியன்று. ஆயினும், 400 ஆண்டுகளுக்கு முந்திய குறைகளைக் கண்ட கண்களுக்கு அண்டை வீட்டாரின் உள்ளம் புலப்படவில்லை.

சபை வரலாறு எழுதும் நமக்கும் இச்சோதனை உண்டு. மூதாதையரின் தவறுகளை எழுதுவது எளிது. நம் காலத்துத் தவறுகளை எழுதத் துணிவு வேண்டும். ஆலயம் கட்டிய ஆண்டையும் கோபுரத்தின் உயரத்தையும் பதிவு செய்கிறோம். கல் சுமந்தோரின் பெயர்களைப் பதிவு செய்கிறோமா? ஒயிட்டிடம் அளவையின் நேர்மையைக் கற்போம். அவர் கேளாது விட்ட குரல்களுக்கும் செவிகொடுப்போம்.