முள் சொல்லாதது

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், குடிகாடு பக்கம் வரிசையாக சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகள். தீயணைப்பு சிலிண்டரைச் சோதித்து நிரப்பும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது!

கைதேர்ந்தவர் பவுடர் சிலிண்டரை வாங்கியதும் அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்பதோடு விடமாட்டார். தலைகீழாகக் கவிழ்த்துக் காதைக் கொடுப்பார். சரசரவென்று இறங்கினால் சரி. சிலிண்டர் ஏதாவது வண்டியின் அதிர்விலேயே கிடந்தது என்றால் பவுடர் அடியில் இறுகிப்போயிருக்கும்; அழுத்தம் இருந்தும் பாதி வெளியே வராது. ரேஸ் காரில் இந்த அதிர்வு பல மடங்கு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை என்று சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதி வைத்திருப்பதில் வியப்பில்லை. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் பவுடரின் குணம் அதேதான்.

நான் ரசிப்பது தண்ணீர்ச் சோதனையை. காலி சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள். தண்ணீர் அமுங்காது, உடல் கிழிந்தாலும் ஒரு பீச்சலோடு அடங்கிவிடும். காற்றடைத்துச் சோதித்தால் அது வெடிகுண்டு. பிறகு உட்புறம் நன்றாகக் காய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பவுடர் கட்டிதட்டும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு முள்ளே கிடையாது; தராசுதான். வாயுவின் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மறுபடி நிரப்ப வேண்டும்.

பழைய உடலில் புதுப் பெயிண்ட் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான். துருவையும் பொறித்த தேதியையும் அது சேர்த்தே மூடிவிடும். தேறாததைத் துளைபோட்டுக் கழிப்பவரே நல்ல தொழில்காரர்.