கலாநிதியாகுமுன் விரிவுரையாளர்

அண்மையில் இணையவழி ஆய்வரங்கு ஒன்றில் தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் சிரித்தபடி கேட்டார்: "உங்க நாட்ல முனைவர் பட்டம் வாங்காமலே விரிவுரையாளர் ஆகிடலாமா சார்? நல்ல வசதிதான்!" ஆகலாம் என்றேன். மிச்சத்தைச் சொல்ல அங்கே நேரமிருக்கவில்லை.

இலங்கையில் நல்ல சித்தி பெற்ற சிறப்புப் பட்டதாரி தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்கிறார். குறித்த ஆண்டுகளுக்குள் பட்டப்பின்படிப்பை முடித்தால்தான் பதவி நிரந்தரமாகும். அதற்காகச் சம்பளத்துடன் கற்கை விடுமுறை கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது பல்கலைக்கழகமே. திரும்பி வந்து கற்பிக்காவிட்டால், பிணைக்குக் கையெழுத்திட்டவர்கள் பணம் கட்டவேண்டும். இந்தியாவில் வரிசை வேறு. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ முதலில், உதவிப் பேராசிரியர் பதவி பிறகு. வெளிநாட்டு ஆய்வுநல்கை சிலருக்கு அதற்கும் பிறகு.

2020 மார்ச்சில் கொவிட் இரண்டு வரிசைகளையும் குழப்பியது. கட்டுநாயக்க விமான நிலையம் மூடியது. இந்தியாவின் வழமையான சர்வதேச விமானங்கள் 2022 மார்ச்சில்தான் மீண்டன. சென்னையில் ஆய்வு செய்யும் யாழ்ப்பாணத்தவருக்கு 2019 நவம்பரில்தான் பலாலியிலிருந்து நேரடி விமானம் கிடைத்திருந்தது. சில மாதங்களில் நின்ற அது 2022 டிசம்பர் வரை பறக்கவேயில்லை.

அவுஸ்திரேலியா 2021 டிசம்பர் வரை வெளிநாட்டு மாணவர்களுக்கு எல்லையைத் திறக்காததால், எங்கள் இளையவர்கள் சிலர் வீட்டு அறையிலிருந்தே ஆய்வைத் தொடங்கினார்கள். மெல்பேணில் காலை பத்து மணிக் கருத்தரங்கு இங்கே விடியற்காலை ஐந்தரை. அடுத்த அறையில் பிள்ளைக்கு ஸூம் வகுப்பு. விடுமுறைக் கணக்கு என்னாகுமோ என்ற பதற்றம் வேறு. ஆனாலும் மாதச் சம்பளம் வந்தது. துறையில் அவர்களுக்கென்று ஓர் இடம் இருந்தது.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு இந்த நிழல் ஏது? வெளிநாடு போனால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார் என்று அங்குள்ள நண்பர்கள் சொல்வார்கள். நிரந்தரப் பணியில் உள்ளவர்களின் நிலை இதைவிட நன்றாகவே இருக்கும். நல்கைகளின் எண்ணிக்கையிலும் இந்தியாவோடு நாங்கள் போட்டியிட முடியாது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2021 ஜூலைக்குக் குறித்திருந்த விதியை, பெருந்தொற்றைக் காட்டி 2023 ஜூலைக்குத் தள்ளியது இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுதான். 2023 வந்ததும் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேறியிருந்தால் போதும் என்று முடித்தும் விட்டது. ஆக, அந்தப் பேராசிரியர் சிரித்துச் சொன்ன வசதி அங்கேயும் உண்டு.

எங்கள் முறையில் ஓட்டை இல்லாமலில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் போனவர்கள் சிலர் திரும்பவில்லை. பிணை நின்ற சகபாடிகள்தான் மாட்டிக்கொண்டார்கள். என்றாலும் பட்டத்தோடு வருபவரை வேலைக்கு எடுப்பது பெரிய காரியமல்ல. பட்டதாரியை எடுத்து, நம்பி அனுப்பி, கலாநிதியாக்கும் செலவை ஒரு சின்ன நாடு தன் தலையில் போட்டுக்கொள்கிறது. யுத்த காலத்திலும் யாழ்ப்பாணத்துக்கு ஆசிரியர்களைத் தந்தது அந்த ஏற்பாடுதான். பிறந்த நாட்டோடு எனக்குப் பல வழக்குகள் உண்டு. இந்த ஒன்றில் மட்டும் அதன் பக்கம் நின்று வாதாடத் தயங்கமாட்டேன்.